கொலஸ்ட்ரோல் குளிசையை எப்போது நிற்பாட்டலாம், டொக்டர்?

சென்ற இதழில் பிரஷர் குளிசைகளைப் பற்றி எழுதிவிட்டு, கொலஸ்ட்ரோல் மருந்து பற்றியும் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தேன். கடிதங்களும் வட்ஸ்அப் குரல்பதிவுகளும் இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: இதை விடலாமா? சிலர் கேட்கவில்லை, ஏற்கெனவே விட்டுவிட்டதாகவே எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே. பெயர்களைப் போடவில்லை, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

*

கேள்வி: டொக்டர், எனக்கு 61 வயது. கிளினிக்கில் தந்த அட்டோவாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் குளிசையை ஐந்து மாதம் போட்டேன். மொத்தக் கொலஸ்ட்ரோல் 248 ஆக இருந்தது இப்போது 171. இனி நிற்பாட்டலாம்தானே? பழகிவிட்டால் பிறகு விடவே முடியாது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறா. (ஒட்டுசுட்டான்)

பதில்: அம்மா, 171 என்று வந்ததே குளிசை வேலை செய்வதால்தான். விட்டால் சில கிழமைகளுக்குள் பழைய இடத்துக்கே ஏறிவிடும். அக்கா சொல்வது போல உடம்பு மருந்துக்கு அடிமையாவதில்லை. மருந்து இல்லாவிட்டால் உங்கள் ஈரல் தன் பழைய வேலையைத் திரும்பத் தொடங்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன். நம் உடம்பில் உள்ள கொலஸ்ட்ரோலின் பெரும்பகுதி சாப்பாட்டில் இருந்து வருவதில்லை, உடம்பே செய்துகொள்கிறது, அதில் ஈரலுக்குப் பெரிய பங்கு. ஸ்டாட்டின் என்று முடியும் பெயருள்ள கொலஸ்ட்ரோல் குளிசைகள் எல்லாம் ஈரலுக்குள் கொலஸ்ட்ரோல் செய்யும் அந்த வேலையின் ஒரு முக்கியமான படியை மறிக்கின்றன. உள்ளே உற்பத்தி குறைந்தவுடன் ஈரலுக்குத் தட்டுப்பாடு வருகிறது. அப்போது அது தன் வெளிப்பக்கத்தில், இரத்தத்தில் போகும் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரோலைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகளைக் கூடுதலாக வைத்துக்கொள்கிறது. ஆக, இரத்தத்தைச் சுத்தம் செய்வது உங்கள் ஈரலேதான், குளிசை அதைத் தூண்டி விடுகிறது. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுண், கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்களுக்கு 1985இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொன்றும் இருக்கிறது, இது ரிப்போட்டில் தெரியாது. மாரடைப்பு பெரும்பாலும் குழாய் மெல்ல மெல்ல அடைபட்டு முடிவதால் வருவதில்லை. இரத்தக் குழாயின் சுவரில் படிந்திருக்கும் கொழுப்புக் கட்டி ஒருநாள் வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைவதால் வருகிறது. ஸ்டாட்டினை நீண்டகாலம் போடும்போது அந்தக் கட்டியின் மேல்மூடி தடித்து, வெடிக்கும் தன்மை குறைகிறது. இந்த வேலைக்கு ஐந்து மாதம் போதாது, ஆண்டுக்கணக்கு வேண்டும். 171ஐப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள், அம்மா, ஆனால் குளிசையைப் போட்டுக்கொண்டே சந்தோஷப்படுங்கள்.

*

கேள்வி: காலையில் போடுவதா, இரவிலா? (பரந்தன்)

பதில்: குளிசையின் பெயரைப் பாருங்கள். சிம்வாஸ்டாட்டின் என்றால் இரவில், ஏனென்றால் உடம்பு கொலஸ்ட்ரோலைக் கூடுதலாகச் செய்வது இரவில், அந்த மருந்தோ சீக்கிரம் உடம்பை விட்டுப் போய்விடும். அட்டோவாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் நீண்ட நேரம் நிற்கும், மறக்காமல் போடக்கூடிய நேரம் எதுவோ அதுவே சரி. ஒருநாள் மறந்தால் அடுத்த நாள் இரட்டிப்பாகப் போட வேண்டாம்.

*

கேள்வி: எனக்கு 57 வயது, தோட்டம் செய்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து, அடைபட்ட இருதயக் குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் வைத்தார்கள். கொலஸ்ட்ரோல் குளிசை தொடங்கிய பிறகு இரண்டு காலும் ஒரே உளைவு. 2009இல் பட்ட ஷெல் துண்டு ஒன்று இடது தொடையில் இன்னும் இருக்கிறது. இந்தக் குளிசை சதையைத் தின்னும் என்று ஒருவர் வீடியோவில் சொன்னார். நான் போடுவதை விட்டு இரண்டு மாதம். உளைவுக்குப் பாமசியில் டைக்ளோபெனாக் வாங்கிப் போடுகிறேன். கிளினிக்கில் இதைச் சொல்லவில்லை, சொன்னால் ஏசுவார்கள். (புதுக்குடியிருப்பு)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை நாலைந்து தரம் வாசித்தேன். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மாரடைப்பு வந்த ஒருவர் செய்யக்கூடாத இரண்டு காரியத்தை நீங்கள் ஒன்றாகச் செய்கிறீர்கள். ஸ்டாட்டினை விட்டது ஒன்று. டைக்ளோபெனாக்கைத் தொடர்ந்து போடுவது மற்றது, அது மாரடைப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இருதய நோய் உள்ளவர்கள் அதைப் பாவிக்கவே கூடாது என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் அறிவித்துவிட்டது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யும் தோட்டக்காரருக்கு, அதுவும் கிட்னி வருத்தம் இவ்வளவு பரவியிருக்கும் வவுனியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு, இந்த நோவுக் குளிசை இரண்டு மடங்கு ஆபத்து. இன்றைக்கே நிற்பாட்டுங்கள். தாங்க முடியாவிட்டால் அளவாகப் பனடோல் போடலாம்.

சரி, உளைவுக்கு வருவோம். உங்கள் கால் நோவு உண்மையானது, மனப்பிரமை என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அது எதனால் வருகிறது என்பது வேறு கேள்வி. லண்டனில் ஒரு ஆய்வு செய்து 2020இல் வெளியிட்டார்கள். ஸ்டாட்டின் ஒத்துவரவில்லை என்று விட்டுவிட்ட 60 பேரைச் சேர்த்து, ஆளுக்கு 12 போத்தல் கொடுத்தார்கள், மாதம் ஒன்று. நாலில் அட்டோவாஸ்டாட்டின், நாலில் மருந்தே இல்லாத வெறும் குளிசை, நாலு போத்தல் வெறுமை. மருந்து எது, வெறும் குளிசை எது என்று போடுகிறவருக்குத் தெரியாது. நாள்தோறும் கஷ்டத்துக்கு 100க்கு எத்தனை என்று புள்ளி போடச் சொன்னார்கள். ஒன்றும் போடாத மாதங்களில் சராசரி 8. மருந்து மாதங்களில் 16.3. வெறும் குளிசை மாதங்களில் 15.4! அதாவது கஷ்டம் கூடியது உண்மை, ஆனால் மருந்துக்கும் வெறும் குளிசைக்கும் இடையில் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. தங்கள் சொந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அவர்களில் பாதிப்பேர் குளிசையைத் திரும்பத் தொடங்கினார்கள். 2022இல் பல பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே கதைதான்: ஸ்டாட்டின் போடுகிறவர்களில் 27.1 சதவீதத்தினருக்குத் தசை நோவு, வெறும் குளிசை போட்டவர்களில் 26.6. மருந்தால் வந்த அந்தச் சிறிய மிச்சமும் பெரும்பாலும் முதல் வருடத்தோடு சரி.

ஆகவே மருந்தால் உளைவு வரவே வராது என்று இல்லை. சிலருக்கு வரும். பொதுவாக இரண்டு தொடையிலும் அல்லது இரண்டு தோளிலும் ஒரே மாதிரி, தொடங்கி அல்லது அளவு கூட்டிச் சில கிழமைகளுக்குள் வரும். உங்கள் ஷெல் துண்டு இருக்கும் இடது பக்கம் மட்டும் நோகுதா, குனிந்து களை பிடுங்கிய நாளில் கூடுகிறதா, நாரியில் இருந்து கீழே இறங்குகிறதா என்று கவனித்து எழுதி வையுங்கள். பதினைந்து வருடத்துக்கு மேல் உடம்போடு இருக்கும் துண்டு தரும் நோவை, நேற்று வந்த குளிசையின் தலையில் போட்டுவிடக்கூடாது. தைரொயிட் சுரப்பி மந்தமாக இருந்தாலும் தசை உளையும், கொலஸ்ட்ரோலும் ஏறும். டி.எஸ்.எச். என்ற ஒரு இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். தசை பழுதாகிறதா என்று பார்க்க சி.பி.கே. என்ற பரிசோதனை இருக்கிறது. இரண்டையும் கேளுங்கள். மருந்தால்தான் என்று தெரிந்தாலும் வழி இருக்கிறது: அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், குடலில் கொலஸ்ட்ரோல் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் என்ற குளிசையைச் சேர்க்கலாம்.

சதையைத் தின்னும் என்று வீடியோவில் சொன்னது தசை சிதைந்து போகும் ஒரு நிலையைப் பற்றி. அது இருக்கிறது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்குக்கூட வருவது அரிது. ஆனால் அடையாளத்தை எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள்: கடுமையான நோவோடு எழும்பி நடக்க முடியாத பலவீனம், சிறுநீர் பிளேன்டி (பாலில்லாத தேநீர்) நிறத்தில் போவது. இது கண்டால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் குளிசையை நிற்பாட்டிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஏசுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு நான் ஒரு பதில் சொல்லத்தான் வேண்டும். சில வருடங்களுக்கு முன் வன்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் கிளினிக் பார்த்தேன். ஒரு அம்மா மாதம் தவறாமல் வருவா. எல்.டி.எல். இறங்கவில்லை. ஸ்டாட்டினை 10 மில்லிகிராமில் தொடங்கி 20, பிறகு 40 என்று கூட்டினேன். அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். மேலதிகமாக ஏறத்தாழ 6 சதவீதம்தான் இறங்கும் என்று தெரிந்துகொண்டே கூட்டினேன். ஒருநாள் அந்த அம்மா ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா. உள்ளே பதினொரு மாதக் குளிசை, அட்டைகூடப் பிரியாமல். மூத்த மகனை இழந்தவ, நெஞ்செல்லாம் பயம், குளிசை போட்டால் கை கால் விழுந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நீங்கள் கஷ்டப்பட்டு எழுதித் தருகிறீர்கள், அதுதான் சொல்ல வெட்கமாக இருந்தது" என்றா. அந்தப் பதினொரு மாதத்தில் ஒருநாள்கூட "போடுகிறீர்களா, ஏதும் கஷ்டமா" என்று நான் கேட்கவில்லை. வாசலில் நூற்றுக்கு மேல் சனம் நின்றதும் உண்மை, அது எனக்குச் சாட்டு ஆகாது. அன்றிலிருந்து கொப்பியைத் திறக்க முதல் கேட்கும் கேள்வி அதுதான். உங்கள் டொக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள், ஐயா. ஏசினாலும் சொல்லுங்கள். நீங்கள் விட்டது தெரியாமல் எழுதப்படும் அடுத்த மருந்து அதைவிட மோசமானது.

ஸ்டென்ட் வைத்தவருக்கு இந்தக் குளிசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. ஸ்கண்டிநேவிய நாடுகளில் இருதய நோயுள்ள 4,444 பேரை இரண்டாகப் பிரித்து ஐந்து வருடத்துக்கு மேல் பார்த்து 1994இல் வெளியிட்டார்கள். வெறும் குளிசை போட்ட பக்கம் 256 பேர் இறந்தார்கள், சிம்வாஸ்டாட்டின் போட்ட பக்கம் 182 பேர். இந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போங்கள்.

*

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது, பத்து வருடமாகச் சீனி வருத்தம். கொலஸ்ட்ரோல் குளிசை சீனியைக் கூட்டும் என்று வாசித்தேன். ஈரலும் கிட்னியும் பழுதாகுமா? (கிளிநொச்சி)

பதில்: தங்கச்சி, நீங்கள் வாசித்தது பொய்யில்லை. ஸ்டாட்டின் சீனியைக் கொஞ்சம் கூட்டும். எவ்வளவு என்றால், 255 பேர் நாலு வருடம் போட்டால் அதில் ஒருவருக்குப் புதிதாக நீரிழிவு வரும் என்று 2010இல் கணக்கிட்டார்கள். அதுவும் பெரும்பாலும் ஏற்கெனவே நீரிழிவின் எல்லையில் நிற்பவர்களுக்கு. அம்மாவுக்கோ நீரிழிவு வந்தே பத்து வருடம். அவவுக்கு இருக்கும் பெரிய ஆபத்து மாரடைப்பும் பாரிசவாதமும். நீரிழிவுக்காரர் 2,800க்கு மேற்பட்டோரை வைத்துப் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் செய்த ஆய்வில், வெறும் 10 மில்லிகிராம் அட்டோவாஸ்டாட்டினே இந்த ஆபத்தை 37 சதவீதம் குறைத்தது. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை இரண்டு வருடம் முன்கூட்டியே முடித்து 2004இல் வெளியிட்டார்கள். சீனி கொஞ்சம் ஏறினால் சீனி மருந்தைச் சரிசெய்யலாம். செத்த இருதயத் தசையைச் சரிசெய்ய மருந்து இல்லை.

ஈரல் எண்கள் சிலருக்குக் கொஞ்சம் ஏறி, பிறகு தானாக இறங்கும். உண்மையான ஈரல் பழுது மிக அரிது. கண் மஞ்சளானால் காட்டுங்கள். கிட்னியை வழமையான அளவுகள் கெடுப்பதில்லை. கிட்னி வருத்தம் உள்ள 50 வயது தாண்டியவர்களுக்கு ஸ்டாட்டின் கொடுக்கும்படியே பரிந்துரை இருக்கிறது. அட்டோவாஸ்டாட்டினுக்கு அளவு குறைக்கவும் தேவையில்லை, ரோசுவாஸ்டாட்டினுக்கோ கவனம் வேண்டும்.

*

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணா ரோசுவாஸ்டாட்டின் 20 அனுப்பியிருக்கிறார், அவர் போடுவதாம், வெளிநாட்டு மருந்து திறம் என்கிறார். கிளினிக்கில் தந்த அட்டோவாஸ்டாட்டினும் இருக்கிறது. கிளினிக் குளிசையைக் காலையிலும் அண்ணா அனுப்பியதை இரவிலுமாகப் போடுகிறேன். கொலஸ்ட்ரோல் நன்றாக இறங்கும்தானே? (மல்லாவி)

பதில்: தம்பி, அண்ணா அனுப்பியதை இன்றிரவு போடாதீர்கள். இரண்டும் ஒரே வேலை செய்யும் ஒரே குடும்பத்து மருந்து. சேர்த்துப் போடுவது ஒன்றையே அளவுக்கு மேல் போடுவதற்குச் சமம், தசையைத்தான் முதலில் தாக்கும். அதிலும் ரோசுவாஸ்டாட்டின் ஆசிய நாட்டவர் உடம்பில் கூடுதலாக ஏறுவதால் நமக்கு 5 மில்லிகிராமில் தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கையில் இருப்பது அதைப்போல நாலு மடங்கு. அண்ணாவின் பாசம் விளங்குகிறது. ஆஸ்பத்திரியில் காசில்லாமல் தரும் குளிசை என்பதால் குறைந்தது என்று நினைக்க வேண்டாம், இரண்டுமே நல்ல மருந்து. அண்ணா அனுப்பிய பெட்டியை அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நெஞ்சுச் சளிக்கு வெளியே மருந்து எடுத்தால், ஸ்டாட்டின் போடுகிறேன் என்று சொல்லுங்கள். கிளரித்ரோமைசின் போன்ற சில அன்டிபயோட்டிக்குகளும், தேமலுக்கும் பூஞ்சைக்கும் விழுங்கத் தரும் சில குளிசைகளும் ஸ்டாட்டினை உடம்பில் தேங்க வைத்துவிடும்.

*

கேள்வி: அப்பா வயல்காரர். இங்கிலீஷ் மருந்து எல்லாம் கெமிக்கல் என்று சொல்லி, கொள்ளுத் தண்ணீரும் உள்ளியும் மட்டும் எடுக்கிறார். எல்.டி.எல். 190. தேங்காய்ப்பால் நல்லது என்றும் சொல்கிறார். (நெடுங்கேணி)

பதில்: அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். ஜப்பானில் அகிரா எண்டோ என்று ஒருவர், 1933இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே காளானிலும் பூஞ்சையிலும் ஆர்வம். வளர்ந்த பிறகு, கொலஸ்ட்ரோல் உற்பத்தியை மறிக்கும் பொருள் ஏதாவது பூஞ்சையில் இருக்கும் என்று நம்பி ஏறத்தாழ 6,000 பூஞ்சைகளைச் சோதித்தார். கடைசியில் 1973இல் கிடைத்தது கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் வளர்ந்த பூஞ்சையில். உலகத்தின் முதல் ஸ்டாட்டின் அதுதான். அரிசியில் இருந்து வந்த மருந்தை ஒரு வயல்காரர் கெமிக்கல் என்று தள்ளலாமா?

கொள்ளு நல்ல சாப்பாடு, உள்ளியும் நல்லது, விடச் சொல்லவில்லை. ஆனால் 190ஐ இறக்கும் பலம் அவற்றுக்கு இல்லை. 190 என்றால் பரம்பரையாக வருவதாகவும் இருக்கலாம், உங்கள் கூடப்பிறந்தவர்களும் நீங்களும் ஒருதரம் சோதித்துப் பாருங்கள்.

தேங்காய் விஷயத்தில் நேரே சொல்கிறேன், மனம் நோக வேண்டாம். தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைகொழுப்பு. மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் அது எல்.டி.எல்.ஐக் கூட்டுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காகச் சொதி இல்லாமல் இடியப்பம் சாப்பிடச் சொல்ல மாட்டேன், நானும் இந்த மண்ணில் பிறந்தவர்தான். முதற்பாலை விட்டுவிட்டுக் கப்பிப்பாலில் சொதி வையுங்கள். சம்பலை ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள். பொரியலையும் கடை ரோல்ஸையும் கிழமைக்கு ஒருநாளாக்குங்கள். தாளிக்க நல்லெண்ணெய் எடுங்கள். சூடை மீன் தாராளமாகச் சாப்பிடலாம். நந்திக்கடல் இறாலைக் கண்டும் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அளவோடு சாப்பிட்டால் பயமில்லை, அதில் நிறைகொழுப்பு மிகக் குறைவு, எண்ணெயில் பொரித்தால்தான் கெடுகிறது. இத்தனையும் செய்தாலும் சாப்பாட்டால் இறங்குவது கொஞ்சம்தான். அப்பாவுக்குக் குளிசையும் வேண்டும்.

*

கேள்வி: எனக்கு 34 வயது. பரம்பரைக் கொலஸ்ட்ரோல் என்று இரண்டு வருடமாகக் குளிசை போடுகிறேன். இப்போது பிள்ளைக்கு முயற்சிக்கிறோம். மாமிக்கு முன்னால் கிளினிக்கில் கேட்க முடியவில்லை. (மாங்குளம்)

பதில்: தங்கச்சி, கேட்டது மிக நல்லது. வயிற்றில் வளரும் பிள்ளைக்கும் கொலஸ்ட்ரோல் தேவை. அதனால் பிள்ளைக்கு முயற்சிக்கும் பெண்கள் பொதுவாக ஸ்டாட்டினை நிற்பாட்டுவார்கள். சாதாரணமாக ஒன்றிரண்டு மாதத்துக்கு முன்பே. உங்களுக்குப் பரம்பரையாக இருப்பதால் எப்போது நிற்பாட்டுவது, இடையில் வேறு என்ன செய்வது என்பதை உங்கள் டொக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். தெரியாமல் போட்டுக்கொண்டிருக்கும்போதே தங்கிவிட்டால் பயந்து அழ வேண்டாம், குளிசையை விட்டுவிட்டு உடனே சொல்லுங்கள், பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. பால் கொடுக்கும் காலத்திலும் போடுவதில்லை, பால் மறக்கடித்த பிறகு திரும்பத் தொடங்கலாம்.

மாமி வெளியே இருக்கட்டும் என்று தாதியிடம் மெல்லச் சொன்னால் அவ பார்த்துக்கொள்வா. அதுவும் முடியாவிட்டால் ஒரு துண்டில் எழுதி கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுங்கள்.